காயோத்சர்க்கமும் காயம்பட்ட மனமும்

கர்நாடக மாநிலம் சிரவணபெளகொளாவில், விந்தியகிரிக் குன்றின் உச்சியில் 57 அடி உயரத்தில் நிற்கிறது பகவான் பாகுபலியின் திருவுருவம். கங்க மன்னரின் அமைச்சராகிய சாவுண்டராயர் கி.பி. 981ஆம் ஆண்டளவில் அதனை எழுப்பினார். கைகள் இருபுறமும் தாழ்ந்திருக்க, கால்களிலும் தோள்களிலும் கொடி படர்ந்திருக்க, அசைவின்றி நிற்கும் அந்நிலைக்குக் காயோத்சர்க்கம் என்று பெயர். காயம் என்பது உடல். உத்சர்க்கம் என்பது விடுதல். உடல்மீதுள்ள பற்றை விடுத்து நிற்றலே அதன் பொருள். தமிழில் காயம் என்னும் சொல் உடலையும் குறிக்கும், புண்ணையும் குறிக்கும். மனத்தில் பட்ட புண் உடலிலேயே தங்குகிறது என்று இன்றைய மருத்துவம் கூறும்போது, அச்சொல்லின் இருபொருளும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன.

பாகுபலி போரினின்று தவத்திற்கு வந்தவர். தமையன் பரதனோடு கண்போர், நீர்ப்போர், மற்போர் ஆகிய மூன்றிலும் வென்றார். வென்ற அக்கணமே அரசின்மீது வெறுப்புற்றுத் துறவு பூண்டார். ஓராண்டு அசையாது நின்றும் கேவலஞானம் கைகூடவில்லை. தன்னால் தமையன் துன்புற்றான் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் எஞ்சியிருந்தது என்றும், பரதனே வந்து வணங்கியபோது அது நீங்கியது என்றும் ஜினசேனரின் ஆதிபுராணம் உரைக்கிறது. சுவேதாம்பர மரபோ எஞ்சியிருந்தது செருக்கு என்றும், சகோதரியர் பிராமியும் சுந்தரியும் வந்து உணர்த்திய பின்னரே அது அகன்றது என்றும் கூறுகிறது. காரணத்தில் இரு மரபுகளும் வேறுபடினும், ஓர் உண்மையில் ஒன்றுபடுகின்றன. ஓராண்டுத் தவத்திற்கும் எட்டாத முள், உற்றவர் வந்த பின்னரே நீங்கியது.

பேரதிர்ச்சியால் மனம் புண்படுவதை மேலைநாட்டு மருத்துவம் காலந்தாழ்த்தே ஏற்றுக்கொண்டது. முதல் உலகப்போரில் உடலில் காயமின்றியே நடுங்கியும் பேச்சிழந்தும் போன வீரர்களைப் பற்றி 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் எழுதினார். எனினும் கோழைகள் என்னும் பழியை அவ்வீரர்களுள் பலர் சுமந்தனர். வியட்நாம் போருக்குப் பின், 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. துன்பம் நிகழ்ந்து ஆண்டுகள் பல கடந்தாலும் உறக்கம் கலைவதும், சிறு ஒலிக்கும் உடல் துணுக்குறுவதும், நெஞ்சு படபடப்பதும் அதன் அறிகுறிகள். ஆபத்து அகன்றுவிட்டது என்பதை அறிவு அறியும், உடல் அறியாது.

உடலுக்கு அதனை உணர்த்தும் வழிகளுள் ஒன்றாக யோகமும் தியானமும் அமைகின்றன. தேராபந்த மரபின் ஆச்சார்ய மகாப்ரக்ஞர் 1975இல் பிரேக்ஷா தியானம் என்னும் முறையை வகுத்தபோது, காயோத்சர்க்கத்தை அதன் அடிப்படையாக வைத்தார். உடலின் ஒவ்வோர் உறுப்பையும் உணர்ந்து தளர்த்துதலும், மூச்சினைக் கவனித்தலும் அம்முறையின் பயிற்சிகள். துறவியர்க்குரியதாய் இருந்த நிலை இவ்வாறு இல்லறத்தார்க்கும் எளிதாயிற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கிய பின்னர், அங்கு உயிர்தப்பிய 47 பேருக்கு ஷெர்லி டெல்லஸ் குழுவினர் ஒரு வாரம் யோகப் பயிற்சி அளித்து ஆராய்ந்தனர். அச்சமும் கவலையும் உறக்கக் குலைவும் குறைந்ததாக அவர்கள் தெரிவித்தனர். மூச்சின் வேகமும் தணிந்திருந்தது. அமெரிக்காவில் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, நெடுநாள் சிகிச்சைக்கும் முழுதும் தேறாத 64 பெண்களைப் பற்றியது. வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரம் யோகம் பயின்ற 31 பேருள் 16 பேரிடம் நோயெனக் கருதும் அளவு அறிகுறிகள் இல்லாதொழிந்தன. மற்றொரு குழுவில் 29 பேருள் 6 பேரே அந்நிலையை எய்தினர்.

இவ்வாய்வு யோகத்தை மருத்துவத்துக்கு மாற்றாக முன்வைக்கவில்லை, துணையாகவே முன்வைத்தது. அதன் பயிற்சியாளர்கள் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கண்ணை மூடினால் பழைய காட்சி எழுமாயின் திறந்தே இருக்கலாம். ஓர் ஆசனம் அச்சம் தருமாயின் விட்டுவிடலாம். தன் உடலின்மீது உரிமை இழந்தவருக்கு அவ்வுரிமையை மீட்டுத் தருவதே அப்பயிற்சியின் நோக்கம். புண்பட்டவர் தம் உடலையும் வருத்தலாகாது என்னும் இந்நெறி, அகிம்சையைத் தன்மீதும் செலுத்துவதேயாகும்.

விபத்தில் பிள்ளையை இழந்த தாயிடமும், வன்முறைக்கு ஆளான பெண்ணிடமும், 'தியானம் செய், எல்லாம் மறந்துவிடும், மருத்துவர் எதற்கு?' என்று நன்மை கருதியே சொல்லும் பெரியோர் பலர். அச்சொல், தேறாதவரைத் தம் தவம் போதாதென்று தம்மையே நொந்துகொள்ளச் செய்கிறது. ஆறாமை அவர் குற்றமன்று. தியானம் அவர்க்கு நிற்பதற்கு ஒரு நிலம் தரும். மருத்துவர் வழி காட்டுவார். எஞ்சிய முள்ளை நீக்கப் பரதன் வந்ததுபோல், பிராமியும் சுந்தரியும் வந்ததுபோல், உற்றார் ஒருவர் அருகில் வர வேண்டும்.