சொல்லாத வார்த்தை

குன்னூர் ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் சாதாரணமாக எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த களைப்பில் அது பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. என்னுடன் வந்த நண்பர் மட்டும் எஞ்சினின் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்புறத்து மேடையிலிருந்தும் கையில் கொடியுடன் இறங்கிய மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது தெரிந்தவர் வருகிறாரா?" என்று கேட்டேன்.

"எல்லாருமே என் தொழில்காரர்கள்தான், ஸார்" என்றார்.

நண்பர் ரயில்வேயில் ஒருநாளும் உத்தியோகம் பார்த்தவர் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகாய விமானங்களைப் பழுது பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றபின் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் சிறிய வீடு ஒன்று கட்டிக்கொண்டு இருக்கிறார். அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்று மாலைதான் விளங்கியது.

வாசகர்களுக்கு அது விளங்க வேண்டுமானால் இந்த மலை ரயிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். 1899-ஆம் ஆண்டில் இது குன்னூருக்கு வந்தது. 1908-இல் உதகமண்டலத்தை எட்டியது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி போவதற்குள் ஓர் அடி உயர்கிறது பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது. ஆகவே டிரைவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. அதற்காகத்தான் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். சிவப்புக் கொடி தெரிந்தால் வண்டி நின்றுதான் ஆக வேண்டும். "உனக்கு என்ன தெரியும்?" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

"அந்தக் காலத்து மனிதர்கள் கெட்டிக்காரர்கள், ஸார். இரும்பை நம்பினார்கள், மனிதனையும் நம்பினார்கள். ஆனால் ஒரே ஒரு மனிதனை மட்டும் நம்பவில்லை. ஆகாயத்தில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா?" என்றார் நண்பர்.

வீட்டுக்குத் திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. காட்டேரிப் பக்கம் கையை நீட்டி, "அதோ, அங்கேதான் நஞ்சப்பசத்திரம்" என்றார். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி, சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் அங்கே விழுந்தது. முப்படைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட பதின்மூன்று பேர் அன்றே மாண்டார்கள். பதினான்காவது மனிதர் ஒரு வாரம் உயிருக்குப் போராடி மறைந்தார். யந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை, அலட்சியமும் இல்லை என்று விசாரணை சொல்லிற்று. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் பருவநிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதுதான் காரணம் என்று முடிவாயிற்று.

"விபத்து நடந்தவுடன் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, யந்திரமா, மனிதனா என்பதுதான். யந்திரம் என்று பதில் வந்தாலும் கதை முடிவதில்லை. அந்த யந்திரத்தை முடுக்கியதும் ஒரு மனிதன்தானே! அவனைப் பற்றி உலகம் வெகுநாள் யோசிக்கவே இல்லை."

அது உண்மைதான். 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்ததை எல்லாரும் அறிவோம். அவர்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக்கை எத்தனை பேர் அறிவோம்? பறந்தவன் பெயர் நிற்கிறது. திருகாணி முடுக்கியவன் பெயர் தவறு நடந்தால்தான் வெளியே வருகிறது.

வராந்தாவில் சூடான தேநீருடன் நண்பர் சொன்ன கதைகளில் மூன்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, 1983 மே 5-ஆம் தேதி நடந்தது. மயாமியிலிருந்து நாஸோவுக்கு 172 பேருடன் கிளம்பிய மூன்று எஞ்சின் விமானம். எண்ணெய் அழுத்தம் குறைகிறது என்று ஓர் எஞ்சினை நிறுத்தித் திரும்பினார்கள். வழியிலே மற்ற இரண்டும் நின்றுவிட்டன. கீழே கடல். நிறுத்தி வைத்த எஞ்சினை மறுபடியும் கிளப்பி, எப்படியோ மயாமியில் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஆபத்தில்லை. காரணம் என்ன? எண்ணெயில் உலோகத் துகள் சேருகிறதா என்று காட்டும் சிறு கருவியை முந்தின இரவு மூன்று எஞ்சின்களிலும் மாற்றியிருந்தார்கள். அதில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் மூன்றிலும் இல்லை. மெக்கானிக்குகளின் கைக்கு எப்போதும் வளையம் பொருத்திய கருவியே வந்துகொண்டிருந்தது. அன்றும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். பழக்கம் கண்ணை மறைத்தது.

இரண்டாவது, 1988 ஏப்ரல் 28-ஆம் தேதி ஹவாய்த் தீவுகளில். 24,000 அடி உயரத்தில் ஒரு விமானத்தின் கூரை பதினெட்டு அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருத்தி காற்றோடு போய்விட்டாள். மற்றவர்கள் பிழைத்தார்கள். உடலின் தகடுகள் ஒட்டுவிட்டு விரிசல் கண்டிருந்ததைப் பரிசோதனையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதில் என்னை உலுக்கியது வேறொன்று. ஏறும்போதே ஒரு பிரயாணி அந்த விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை!

மூன்றாவது, 1990 ஜூன் 10-ஆம் தேதி. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பிய விமானத்தில், 17,000 அடிக்கு மேல் விமானியின் முன் கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. அவரும் பாதி உடல் வெளியே போய்விட்டார். பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி ஸௌதாம்ப்டனில் இறக்கினார். ஆச்சரியம், எல்லாருமே பிழைத்தார்கள், அந்த விமானி உட்பட. முந்தின நாள் விடியற்காலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர் அனுபவமும் நற்பெயரும் உள்ளவர். அந்த ஷிப்டுக்கே மேலாளர். ஆள் போதாத இரவு என்று தாமே வேலையில் இறங்கினார். பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில் கண்ணளவாக ஜோடி பார்த்துப் புதியவற்றை எடுத்தார். தொண்ணூறு போல்ட்டுகளில் எண்பத்து நான்கு இம்மியளவு மெல்லியவை. மீதி ஆறு குட்டையானவை. வேறொருவர் வந்து சரிபார்க்க வேண்டும் என்ற விதி அந்தக் கண்ணாடிக்கு இல்லை.

"இவர்களில் யார் அயோக்கியன், சொல்லுங்கள்?" என்றார் நண்பர்.

நான் பதில் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியிலிருந்துதான் ஒரு புதிய படிப்பே பிறந்தது. ஹவாய் விபத்துக்குப் பிறகு அமெரிக்க அரசு, விமானம் பழுதுபார்ப்பவனின் தூக்கத்தையும் வெளிச்சத்தையும் அவசரத்தையும் ஆராயத் தொடங்கியது. 1993-இல் கானடா நாட்டில் கார்டன் டுபான்ட் என்பவர், மனிதனைத் தவற வைக்கும் பன்னிரண்டு காரணங்களை வரிசைப்படுத்தினார். களைப்பு, அவசரம், கவனச் சிதறல், அறியாமை, மெத்தனம், "இங்கே எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம்" என்ற வழக்கம் ஆகியவை அவற்றில் சில. வாய் திறந்து சொல்லத் தயங்குவதும் அவற்றில் ஒன்று. இந்தியாவிலும் இன்று விமானப் பராமரிப்பு நிலையங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பயிற்சி கட்டாயம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடியும் வகுப்பில் வந்து உட்கார வேண்டும்.

"வகுப்பில் உட்கார்ந்தால் தவறு போய்விடுமா?" என்று கொஞ்சம் குறும்பாகவே கேட்டேன்.

நண்பர் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் ராத்திரி ஷிப்டு முடிந்து சாமான்களை எண்ணினேன். ஒரு ஸ்பானர் குறைந்தது. ஃபோர்மனிடம் போய்ச் சொன்னேன். மூடிய பலகைகளையெல்லாம் திறந்து தேடினார்கள். விமானம் மூன்று மணி நேரம் தாமதம். கடைசியில் ஸ்பானர் ஏணி மேடையில், எண்ணெய்த் துணிக்கு அடியில் கிடந்தது. எல்லார் எதிரிலும் ஃபோர்மன் என்னைத் திட்டின திட்டு இருக்கிறதே! அந்த வருஷத்துச் சம்பள உயர்வும் போயிற்று."

"அநியாயம்தான்."

"பொறுங்கள், கதை அதோடு முடியவில்லை. சில வருஷம் கழித்து நான் மேற்பார்வைக்காரன் ஆனேன். ஒரு விமானத்தைப் பரிசோதிக்கும்போது, வால் பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்குப் பக்கத்தில் ஒரு டார்ச் விளக்கு கிடந்தது. ஒரு வாரமாக அதோடு பறந்திருக்கிறது! யாருடையது என்று விசாரித்தேன். என்னிடம் வேலை கற்ற பையனுடையது. காணாமல் போனது அவனுக்குத் தெரியும். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். 'அன்றைக்கு உங்களுக்கு நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேனே அண்ணே' என்றான்."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. வெளியே பனியில் தேயிலைச் செடிகள்கூடத் தெரியவில்லை.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நானும் திட்டினேன், ஸார். எனக்குத் திட்டு விழுந்தது போலவே, எல்லார் எதிரிலும். அவன் ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். ரொம்ப வருஷம் கழித்து இந்தப் பயிற்சி வந்தபோது, 'நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்' என்றார் வகுப்பு நடத்தியவர். நான் எழுந்து நின்றேன். ஸ்பானரைப் பற்றி அல்ல. அந்தப் பையனைத் திட்டியதைப் பற்றிச் சொன்னேன். தவறைச் சொன்னவனைத் தண்டித்தால் தவறு குறைவதில்லை, சொல்வதுதான் நின்றுபோகிறது. வகுப்பில் நான் கற்றது இவ்வளவுதான்."

மறுநாள் பிற்பகல் கீழே இறங்கும் வண்டியில் நான் ஏறினேன். நண்பர் வழியனுப்ப வந்திருந்தார். என் பெட்டியின் மேடையில் நின்ற பிரேக்ஸ்மேன் மிகவும் இளவயதுக்காரர். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. கையில் சுருட்டி வைத்திருந்த சிவப்புக் கொடியைக் கம்பீரமாகப் பிடித்திருந்தார். வண்டி நகரத் தொடங்கியதும் நண்பர் கையை உயர்த்தினார். எனக்குத்தான் விடை கொடுக்கிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். பிறகுதான் கவனித்தேன், அவர் பார்வை அந்தப் பையன்மேல் இருந்தது.