வில்லுக்கேற்ற அம்பு

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையும், அதற்குத் தெற்கே உள்ள கொல்லிமலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. இரண்டிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழித்தோன்றல்கள் தாம் என்பர். சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார்.

புலவரின் மிகையைத் தள்ளிவிட்டாலும் ஒன்று எஞ்சுகிறது. அவர் புகழ்ந்தது அம்பு சென்ற தூரத்தையன்று, துளைத்த ஆழத்தை. ஆழத்திற்குக் கனம் வேண்டும். ஒரே வில்லிலிருந்து இலேசான அம்பு விரைந்து நெடுந்தூரம் செல்லும்; கனத்த அம்போ வேகம் குறைந்தாலும் வில்லின் விசையை மிகுதியாக வாங்கிக்கொண்டு இலக்கில் இறங்கும். அளவுக்கு மீறி இலேசாக இருந்தால், அம்பு வாங்காத விசை வில்லையே தாக்கி முறித்துவிடக்கூடும். மரபு வில்லாளர்கள் இன்று 20 கிலோ இழுவிசையுள்ள வில்லுக்கு ஏறத்தாழ 23 முதல் 29 கிராம் வரையுள்ள அம்பைப் பொருத்தமெனக் கொள்கின்றனர்.

சுல்தான் இல்துமிஷ் (ஆட்சி 1211–1236) காலத்தில் ஃபக்ரே முதப்பிர் எழுதிய பாரசீகப் போர்நூல், இந்திய வில்லின் அம்பு தொலைவு செல்லாது, ஆனால் அருகில் கொடிய காயம் விளைவிக்கும் என்று குறிக்கிறது. ஓரியின் மலைக்கும் பொருந்தும் கூற்று இது! காட்டில் வேட்டை விலங்கு நூறு முழத்திற்கு அப்பால் கண்ணுக்கே தெரியாதே. இதற்கு மறுபுறம் இஸ்தான்புல். 1453-இல் அந்நகரை வென்ற சுல்தான் முஹம்மது ஃபாத்திஹ் நிறுவிய ஓக்மெய்தான் திடலில், தூரப் போட்டிக்கென்றே மிக இலேசான அம்புகளை எய்தனர். சாதனைத் தூரங்களைக் குறிக்க நட்ட கற்களுள் சில இன்றும் நிற்கின்றன. போருக்குரிய அம்பு அவர்களிடமும் கனமானதே.

இந்த நிதானம் அம்பு செய்பவரின் கையில் இருந்தது. தண்டை உலர்த்தி, நிமிர்த்தி, ஒரு தூணியிலுள்ள அம்புகள் அனைத்தையும் ஒரே எடைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் ஒன்று இலக்கின் மேலும் மற்றொன்று கீழும் போகும். ஓர் அம்பின் பொருட்டால் மூவர் சுவனம் புகுவர் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் காணப்படுகிறது. எய்தவரும் எடுத்துக் கொடுத்தவரும் அதில் உண்டு. ஆனால் நபி (ஸல்) அவர்கள் முதலில் குறிப்பிட்டது, நன்மையை நாடி அம்பைச் செய்தவரை.

ஓரியின் அம்பை வடித்தவர் யாரென்று வன்பரணர் கூறவில்லை. கொல்லிமலைச் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடி மாதத்தில் அரசு விழாவும் அங்கே நடைபெறுகிறது.