வேகக் கட்டுப்பாடும் தப்பும் தந்திரமும்

சட்டம் ஒன்று தோன்றுமிடத்து அதற்குத் தப்பும் உபாயமும் உடன் தோன்றுதல் உலகியல்பு. மோட்டார் வாகனத்தின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். வேகத்துக்கு எல்லை விதித்தது சட்டம். அவ்வெல்லையை மீறுவோரைக் கண்டுபிடிக்கப் பொலிஸார் ஒரு கருவியைக் கைக்கொண்டனர். அக்கருவியை ஏமாற்றச் சாரதிகள் வேறொரு கருவியைத் தேடினர். அதனைத் தண்டிக்க மீண்டும் ஒரு சட்டம் எழுந்தது. நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் இப்போட்டியின் கதை, கிழக்கிலங்கையின் கடற்கரை வீதியில் அன்றாடம் செல்வோரும் அறிய வேண்டியதொன்றாகும்.

இக்கதை இங்கிலாந்தில் தொடங்குகின்றது. குதிரையின்றி ஓடும் வண்டியைக் கண்டு மக்கள் அஞ்சிய காலம் அது. 1865ஆம் ஆண்டின் சட்டம், நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைல் என வேகத்தை வரையறுத்தது. வண்டிக்கு 60 யார் முன்னே ஒருவன் செங்கொடி ஏந்தி நடந்து செல்லவும் வேண்டும். 1896ஆம் ஆண்டு சனவரியில் கென்ற் மாவட்டத்து வோல்ற்றர் ஆர்னல்ட் என்பார் 2 மைல் வேகத்துக்குரிய இடத்தில் 8 மைல் வேகத்திற் சென்றார். பொலிஸ்காரர் ஒருவர் சைக்கிளிலே துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகத்துக்கென அவர் செலுத்திய தண்டம் ஒரு சிலிங்கு. வேகக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பெற்ற முதல் மோட்டார் ஓட்டுநர் என வரலாறு அவரைக் குறித்து வைத்துள்ளது.

1903ஆம் ஆண்டின் மோட்டார்க் கார்ச் சட்டம் வேக எல்லையை 20 மைலாக உயர்த்தியது. வாகனத்துக்கு இலக்கத் தகடும் சாரதிக்கு அனுமதிப்பத்திரமும் அச்சட்டத்தாலேயே கட்டாயமாயின. எல்லையை மீறுவோரைப் பிடிக்கப் பொலிஸார் வீதியில் ஒரு தூரத்தை அளந்து குறித்து, அதன் இரு முனைகளிலும் வேலிமறைவில் நிறுத்தற் கடிகாரத்துடன் காத்திருந்தனர். இவ்வாறு பிடிபட்டோர் பெரிதும் சினந்தனர். ஆபத்தில்லாத நேரான வீதியில் பதுங்கியிருந்து தண்டப்பணம் சேர்க்கின்றனர் என்பது அவர்தம் முறைப்பாடு. அம்முறைப்பாட்டில் நியாயமே இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. 1905ஆம் ஆண்டு அவர்கள் கூடி 'ஒட்டோமொபைல் அசோசியேஷன்' என்னும் சங்கத்தை நிறுவினர். சங்கத்தின் சைக்கிள் காவலர்கள் பிறைற்றன் வீதி முதலாய இடங்களிற் சுற்றிவந்து, பொலிஸார் பதுங்கியிருக்கும் இடத்தை வரும் வாகனங்களுக்கு அறிவித்தனர். வேகக் கண்காணிப்பிலிருந்து தப்ப வைக்கும் முதற் 'கருவி' கையசைக்கும் ஒரு மனிதனே எனலாம்.

இவ்வாறு எச்சரித்தல் குற்றமா என்னும் வினா விரைவில் நீதிமன்றத்தை அடைந்தது. 1907ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் உள்ள 'பஸ்டபிள் எதிர் லிற்றில்' வழக்கில், எச்சரித்தவர் குற்றவாளியல்லர் என முடிவாயிற்று. எச்சரிக்கை பெற்ற வாகனங்கள் அப்போது எல்லை மீறி ஓடின என்பதற்குச் சாட்சியம் இல்லாமையே காரணம். 1910ஆம் ஆண்டுத் தொகுதியில் உள்ள 'பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ்' வழக்கில் நிலைமை வேறு. சங்கத்தின் காவலர் ஒருவர் எச்சரித்த வாகனங்கள் எல்லையை மீறி ஓடிவந்தவை. எச்சரிக்கை கண்டே வேகம் தணிந்தவை. பிரதம நீதியரசர் அல்வர்ஸ்டன் பிரபுவும் உடனிருந்த நீதியரசர்களும், அது பொலிஸாரின் கடமைக்கு இடையூறு செய்த குற்றமே எனத் தீர்த்தனர். நீதியரசர் டார்லிங் அங்கே காட்டிய வேறுபாடு நுட்பமானது. குற்றம் நடவாதிருக்க வேண்டுமென்று எச்சரித்தல் ஒன்று. நடந்துகொண்டிருக்கும் குற்றத்தைப் பிடிபடும் ஆபத்து நீங்கும்வரை மட்டும் நிறுத்திவைக்குமாறு எச்சரித்தல் மற்றொன்று. எச்சரிப்பவரின் நோக்கமே இரண்டையும் பிரிக்கும் என்பது அவர் கருத்து.

சங்கத்தார் அதற்கும் ஒரு வழி கண்டனர். சின்னம் பொருத்திய வாகனம் வந்தால் காவலர் வணக்கஞ் செய்வது வழக்கம். வணக்கஞ் செய்யாது நின்றால் வாகனத்தை நிறுத்திக் காரணம் கேட்குமாறு உறுப்பினருக்கு அறிவிக்கப்பட்டது. ஒன்றும் செய்யாது நின்றவரை எந்தச் சட்டத்தின்கீழ்த் தண்டிப்பது?

இரண்டாம் உலகப் போரில் வளர்ந்த ரேடார் இப்போட்டியின் போக்கையே மாற்றியது. அசையும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறித் தோன்றும் என ஒஸ்திரிய அறிஞர் டொப்ளர் 1842இல் விளக்கியிருந்தார். அவ்விதியைக் கொண்டு 1940களின் இறுதியில் அமெரிக்கப் பொலிஸார் வாகன வேகத்தை அளக்கத் தொடங்கினர். அலை பாய்கின்ற இடத்தில் அதனை முன்கூட்டியே உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு பெட்டியும் சில ஆண்டுகளில் வந்தது. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974இல் அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைல் என்னும் எல்லை விதிக்கப்பட்டபோது அப்பெட்டிகள் பெருவாரியாக விற்பனையாயின. அப்பெட்டி தானும் மெல்லிய அலையொன்றைக் கசியவிடும். அக்கசிவைக் கொண்டு பெட்டியைக் கண்டுபிடிக்கும் கருவியைப் பின்னர் பொலிஸார் கையேற்றனர். வேட்டைக்காரனும் விலங்கும் மாறி மாறி இடம் மாற்றிக்கொண்டமை இங்கே காணத்தக்கது.

தண்டனைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலமும் வாஷிங்டன் தலைநகர்ப் பகுதியும் இப்பெட்டியைத் தடைசெய்தன. பாரமான வணிக வாகனங்களுக்கு 1994 முதல் நாடெங்கும் தடை உண்டு. ஜேர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்தினால் 75 யூரோ தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் ஒரு குற்றப் புள்ளியும் விதிக்கப்படும். பிரான்சிலே தண்டம் 1,500 யூரோ வரை செல்லும், ஆறு புள்ளிகள் கழியும், கருவியும் பறிபோகும். இங்கிலாந்தின் நிலையோ விந்தையானது. பெட்டியை வைத்திருத்தல் 1949ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி குற்றமாகாது என 1998இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆயின் பொலிஸாரின் கருவியையே செயலிழக்கச் செய்யும் தடுப்புக் கருவியைப் பொருத்துவோர், நீதியின் போக்கைத் திரித்த பெருங்குற்றத்துக்கு ஆளாவர். வடக்கு யோர்க்சயரில் அவ்வாறு செய்த ஒருவர் 2018இல் எட்டு மாதச் சிறை பெற்றார். கேட்டல் வேறு, குழப்புதல் வேறு என்பது அங்குள்ள சட்டத்தின் எண்ணம்.

இலங்கையில் வீதிப் போக்குவரத்தை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களுமாம். வாகனத்தின் இலக்கத் தகடு தெளிவாகத் தெரிதல் வேண்டும் என்பதும் இந்நாட்டு விதியே. அலை வீசும் கருவிகளை அனுமதியின்றிப் பயன்படுத்துதலை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் தடுக்கின்றது. அரச அலுவலரின் கடமைக்கு இடையூறு செய்தல் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையிலேயே குற்றமாக எழுதப்பட்டுள்ளது.

எனினும் இந்நாட்டில் மிகுதியும் வழங்கும் தப்புக் கருவி கடையில் வாங்குவதன்று. எதிரே வரும் வாகனத்தின் முன்விளக்கு இருமுறை மின்னுவதே அது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் கடற்கரையில், மட்டக்களப்பையும் பொத்துவிலையும் இணைக்கும் பெருவீதியே கடைத்தெருவும் ஆகும். அதன் இரு மருங்கிலும் பள்ளிவாசல், கோவில், பாடசாலை, மருத்துவமனை யாவும் உள. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மக்கள் திரளாய் வீதியைக் கடப்பர். பாடசாலை விடும் வேளையில் சிறுவர் சைக்கிளோடு நிறைவர். அத்தகைய வீதியிலே விளக்கின் குறிப்பைக் கண்டவர் இருநூறு மீற்றர் தூரம் சாதுவாய்ச் சென்று, பொலிஸாரைக் கடந்ததும் முன்போல் விரைகின்றார்.

டார்லிங் கூறிய வேறுபாடு இங்கே அப்படியே பொருந்துகின்றது. முன்னே சிறுவர் கடக்கின்றனர் என்று விளக்கை மின்னுபவர் விபத்தைத் தடுக்கின்றார். முன்னே பொலிஸார் நிற்கின்றனர் என்று மின்னுபவரோ, பிறர் வேகத்தைச் சற்றே ஒளித்து வைக்கின்றார். இன்னவர் குற்றவாளி என்பதை நீதிமன்றமே சாட்சியத்தைக் கொண்டு முடிவு செய்யும். 2005இல் இங்கிலாந்தில் கையசைத்து எச்சரித்த லொறிச் சாரதி ஒருவர், பிறர் எல்லை மீறியமை நிறுவப்படாமையால் விடுதலை பெற்றார். ஏறக்குறைய நூறாண்டு கழிந்தும் சட்டம் அதே இடத்திலேயே நின்றது.

இயற்கையின் சட்டமோ சாட்சியம் கேட்பதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் செல்லும்; 70 கிலோமீற்றர் வேகத்தில் 19 மீற்றரைக் கடக்கும். சாரதி ஆபத்தைக் கண்டு தடுப்பை மிதிக்குமுன் கழியும் தூரம் இது. வேகம் 50இலிருந்து 70 ஆகும்போது மோதலின் வலிமையோ ஏறக்குறைய இருமடங்காகின்றது. அண்மை ஆண்டுகளில் இலங்கையின் வீதிகளில் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் உயிரிழந்து வருகின்றனர்.

பொலிஸாரும் உணர வேண்டியது உண்டு. 1905இல் ஆங்கில ஓட்டுநர் சினந்தது பதுங்கலைக் கண்டேயாகும். பாடசாலை வாயிலிலும் சந்தைச் சந்தியிலும் வெளிப்படையாக நிற்கும் காவலர் பிடிக்கும் வழக்குகள் குறையலாம். காக்கும் உயிர்கள் பல. தண்டம் எங்கே, எதற்காக என்பது மக்களுக்கு விளங்குமாயின் விளக்கு மின்னும் வழக்கம் தானே அருகும். சாரதியும் தான் யாரை ஏமாற்றுகின்றார் என எண்ணிப் பார்த்தல் நன்று. கருவியை ஏமாற்றலாம், காவலரையும் ஏமாற்றலாம். நிந்தவூரிலோ காரைதீவிலோ வீதியின் ஓரத்தில் கைப்பையோடு நின்று, வரும் வாகனம் எத்துணைத் தொலைவில் உள்ளது எனக் கண்ணாலே அளந்து கடக்க அடியெடுத்து வைக்கும் சிறுமி, அவ்வேகத்தை நம்பியே அடியெடுத்து வைக்கின்றாள்.