‘ஸக்தா’ முதல் ஸ்கேன் வரை

அரபியில் ‘ஸகத்த’ என்றால் பேச்சடங்கினான் என்பது பொருள். பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனச் சாய்ந்து உணர்வும் அசைவும் இழக்கும் நோய்க்கு, அவ்வேர்ச்சொல்லிலிருந்தே ‘ஸக்தா’ எனப் பெயரிட்டனர் அரபு மருத்துவர்கள். உடலின் ஒரு பாதி செயலிழப்பதை ‘ஃபாலிஜ்’ என்றனர். திருப்பாதிரிப்புலியூரில் நாம் பக்கவாதம் என்பது இதனையே.

இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில், மூளையின் வழிகள் அடைபடுவதே ஸக்தாவின் காரணம் என்றார். நோயின் இருப்பிடம் மூளையே என்பதில் அவருக்கு ஐயமில்லை. எனினும் மண்டையோட்டினுள் நிகழ்வதைக் காண அன்று வழியில்லை. இரத்த மிகுதியே காரணமென்று கருதப்பட்டபோது, ‘ஃபஸ்து’ எனும் குருதி வெளியேற்றும் முறை கையாளப்பட்டது.

1658இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தோரின் உடல்களை அறுத்தாய்ந்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததை எழுதிவைத்தார். 1896இல் ரிவா-ரோச்சி அமைத்த இரத்த அழுத்தமானி, இக்கசிவின் முதன்மைக் காரணத்தை அளக்க உதவிற்று. நெடுநாள் உயர் அழுத்தம் மூளையின் ஆழத்திலுள்ள நுண்தமனிகளை நலிவித்து வெடிக்கச் செய்கிறது. தமனிப் புடைப்பு, பிறவியிலேயே பின்னிக்கொண்ட நாளங்கள், முதுமையில் நாளச்சுவரில் படியும் புரதம், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்துகள் ஆகியனவும் காரணங்களாம்.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. நாளம் அடைபட்டாலும் வெடித்தாலும் புறத்தோற்றம் ஏறத்தாழ ஒன்றே, மருத்துவமோ நேர்மாறானது. அடைப்பைக் கரைக்கும் மருந்து, கசிவுள்ளவரின் உயிரைக் குடித்துவிடும். 1971இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட ஸி.டி. ஸ்கேனே இவ்விரண்டையும் நிமிடங்களில் பிரித்துக் காட்ட வழி திறந்தது.

தமிழகத்தில் மூளை அறுவை மருத்துவம் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியாலும், 1950இல் சென்னையில் பி. இராமமூர்த்தியாலும் வேரூன்றியது. நம் பகுதியில் 1985இல் சிதம்பரத்தில் தொடங்கிய இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று.

இன்று கசிவு உறுதியானால், இரத்த அழுத்தத்தை விரைந்து, அளவறிந்து குறைக்கின்றனர். உறைவுத்தடை மருந்தின் வேகத்தை முறிக்கின்றனர். தேவைப்படுவோர்க்குக் கட்டிய குருதியை அறுவையால் அகற்றுகின்றனர். புடைத்த தமனியைக் கவ்வியாலோ நுண்கம்பிச் சுருளாலோ அடைக்கின்றனர்.

ஆகவே முகம் கோணி, கை தளர்ந்து, நாக் குழறினால், அல்லது என்றுமில்லாத தலைவலி திடீரெனத் தாக்கினால், வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பதோ, எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பதோ கூடாது. நோய் கண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். இப்னு ஸீனா காண இயலாததை இன்று காண முடிகிறது. காலந்தாழ்த்தினால் அக்காட்சியால் பயனில்லை.