பாகான் ஜெர்மாலில் படித்த விரல்கள்

ஜார்ஜ் டவுனின் பாகான் ஜெர்மால் சாலையில் உள்ள செயின்ட் நிக்கோலஸ் பார்வையற்றோர் இல்லத்தின் வரலாற்றை வழக்கமாகத் தர்ம காரியத்தின் வரலாறாகவே சொல்வார்கள். 1926இல் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் மலாக்காவில் தொடங்கிய இல்லம் அது. பிறகு பினாங்குக்கு வந்து இங்கேயே வேரூன்றிவிட்டது. ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் கூரையும் கிடைத்தன, கைத்தொழிலும் கிடைத்தது என்பதோடு கதை முடிந்துவிடும். அது பொய்யில்லை, குறையானது. கண் தெரியாத பிள்ளையின் விரலுக்குச் சின்ன வயதிலேயே பிரெயில் எழுத்தைப் பழக்குவது அந்தப் பிள்ளையின் மூளையையே உருவாக்கும் வேலை. கடந்த முப்பது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மூளைப் படங்கள் இதைத்தான் காட்டுகின்றன. அந்த வெளிச்சத்தில் இவ்வில்லத்தின் வரலாற்றைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அன்றைய மலாயாவில் குழந்தைகள் ஏன் பார்வை இழந்தார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். அம்மையும் பிறந்த குழந்தையைத் தொற்றும் கண்நோயும் ஒருபுறம் இருக்க, வைட்டமின் ஏ குறைவு ஒரு பெருங்காரணம். முதலில் மாலைக்கண் வரும். பிறகு விழி வறண்டு பளபளப்பு இழக்கும். முற்றினால் கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலம் சில நாட்களுக்குள்ளேயே இளகிக் கரைந்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே இது அதிகம் தாக்குகிறது. தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆடை எடுத்த டின்பாலைக் கரைத்துக் கொடுத்த வீடுகளில் ஆபத்து கூடியது. ஆடையோடு வைட்டமின் ஏயும் போய்விடுகிறது, டின்னில் மிஞ்சுவதில் பெரும்பங்கு சீனிதான். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். பொருந்தாத பாலைத் தாய்மார்களிடம் தள்ளிவிடும் பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்று வாதிட்டார். இத்தனைக்கும் 1917 முதல் இந்த மண்ணில் செம்பனை வணிகப் பயிராக இருந்தது. அதன் சிவந்த எண்ணெயில், உடம்பு வைட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும் கரோட்டின் நிறைய உண்டு. ஒரு பிடி முருங்கைக்கீரையிலும் அது உண்டு. மருந்து தோட்டத்திலேயே விளைந்த காலத்தில் பிள்ளைகள் கண்ணை இழந்தார்கள் என்பதை ஆறிய மனத்தோடு எழுத முடியவில்லை.

இப்படிப் பறிபோனது கண்ணின் முன்பக்கம், மூளைக்குச் சேதமில்லை. பார்வை பிடரிப் பக்கத்து மூளையில் எப்படி இடம்பிடித்திருக்கிறது என்பதை ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோயே 1909இலேயே வரைந்து காட்டிவிட்டார். ரஷ்ய-ஜப்பான் போரில் தலையில் குண்டு துளைத்த சிப்பாய்களைச் சோதித்து, குண்டு போன வழியையும் அவர்கள் பார்வையில் விழுந்த ஓட்டைகளையும் ஒப்பிட்டுக் கண்டது அது. அப்படியானால் கண் போன பிள்ளைக்கு அந்தப் பகுதி வெறுமனே தரிசாகக் கிடக்குமா? 1996இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் நோரிஹிரோ சடாட்டோவும் உடனிருந்தோரும் இதற்கு விடை கண்டார்கள். இளவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது பெட் ஸ்கேன் எடுத்தால், பார்வைக்கான புறணியில், அதாவது பிடரிப் பக்கத்து மூளையின் மேற்பரப்பில், ரத்த ஓட்டம் கூடுகிறது. கண் தெரிந்தவர்கள் விரலால் தடவி அறியும்போது அப்படிக் கூடவில்லை.

படத்தில் ஒரு பகுதி சுறுசுறுப்பாகத் தெரிந்தால் மட்டும் அதுதான் வேலை செய்கிறது என்று ஆகிவிடுமா? இந்தக் கேள்வி நியாயமானது. கூடவே கிளம்பும் வெறும் சலசலப்பாகவும் அது இருக்கலாம். பதில் வேறு வழியில் வந்தது. 1997இல் லியோனார்டோ கோஹன் குழுவினர் காந்தத் துடிப்பால் அந்தப் புறணியைச் சற்றே குழப்பிப் பார்த்தார்கள். படிப்பவர்கள் பிரெயிலில் பிழை செய்தார்கள். 2000இல் வெளியான மருத்துவக் குறிப்பு இன்னும் அழுத்தமானது. பிறவியிலேயே பார்வையில்லாத, பிரெயிலில் தேர்ந்த 63 வயதுப் பெண் ஒருவருக்கு இருபக்கப் பின்மூளையிலும் பக்கவாதம் தாக்கியது. விரலுக்குத் தொடு உணர்ச்சி இருந்தது. புள்ளிகள் இருப்பதும் தெரிந்தது. அவை என்ன எழுத்து என்பது மட்டும் பிடிபடவில்லை. வாழ்நாளில் எதையும் பார்த்திராதவர் பார்வைப் புறணியை இழந்ததால் எழுத்தறிவை இழந்தார். இதற்குமேல் சான்று தேவையில்லை என்பேன்.

வயதுதான் இங்கே முக்கியம். 14 வயதுக்குப் பிறகு பார்வை இழந்தவர்களிடம் பார்வைப் புறணி தொடுகைக்கு மாறும் இந்த மாற்றம் அதே அளவில் காணப்படவில்லை என்று 1999இல் கோஹன் குழுவினரே எழுதினார்கள். நீரிழிவாலோ கண் அழுத்த நோயாலோ நாற்பதில் பார்வை இழப்பவர் பிரெயில் கற்கவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. அவர் வேறு பாதையில், கூடுதல் உழைப்போடு கற்க வேண்டியிருக்கும். ஆனால் ஐந்து வயதில் பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளையைப் பரிதாபத்தின் பெயரால் பத்து ஆண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தால் அந்த நஷ்டத்தை எளிதில் ஈடுகட்ட முடியாது. பிரெயிலைப் போற்றுவது கண் சிகிச்சையைத் தாழ்த்துவதும் ஆகாது. மூளை ஆய்வாளர் பவன் சின்ஹா நடத்தும் ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு பல ஆண்டுகள் கழித்த இந்தியச் சிறுவர்கள் அறுவைக்குப் பிறகு பயன்படும் அளவுக்குப் பார்க்கக் கற்றார்கள். கூர்மை மட்டும் முழுதாகத் திரும்புவதில்லை. தாமதம் அங்கும் விலை வாங்கியிருக்கிறது.

மிஷனரிகளுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும், நடந்ததை எல்லாம் பின்னால் வந்த அறிவியலுக்காகப் பாராட்டலாமா என்று கேட்கலாம். அவர்களுக்குத் தெரியாதுதான். கண் தெரியாத பிள்ளையால் படிக்க முடியும் என்ற நம்பிக்கையில் வேலை செய்தார்கள்; புறணியின் பெயர் அதற்குத் தேவைப்படவில்லை. மூளைப் படம் அந்த நம்பிக்கைக்கு ஒரு காலக்கெடுவைச் சேர்த்திருக்கிறது. இன்று கைப்பேசியே எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறது, பிரெயில் எதற்கு என்று பேசுகிறார்கள். செய்தி அறியக் காது போதும். எழுத்துக் கூட்டவும், ஒரு வரியில் நின்று திரும்பிப் படிக்கவும், கணக்கைப் படிப்படியாகத் தடவிச் சரிபார்க்கவும் விரல் வேண்டும். ஆகவே பினாங்கில் பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெயில் வகுப்பு எந்த வயதில் கிடைக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கைப்பேசி அதற்குப் பிறகு வரலாம்.