காக்கியும் பால்கறையும்: புக்கிட் தெங்கா வட்டாரத்துப் போர்க்காலப் படங்களில் பெண்களின் உடை

வரிசையாக நிற்கும் தமிழ்ப் பெண்களும், கறுப்பு வெள்ளையில் காக்கிபோலத் தோன்றும் முழுக்கைச் சட்டையும் ஒரு பழைய நிழற்படத்தில் சேர்ந்து காணப்பட்டால், அதை இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படையின் படமென்று முடிவுகட்டிவிடுவது எளிது. அந்த எளிமைதான் இங்கு ஆய்வுக்குரிய சிக்கல். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ் அறிவித்து, டாக்டர் லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் கண்ட அப்படையில் மலாயாவின் ரப்பர்த் தோட்டப் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர் என்பது வரலாறு. ஆனால் அதே தோட்டங்களில் அதே ஆண்டுகளில் சட்டையணிந்து வரிசையில் நின்ற பெண்களில் மிகப் பலர் படையில் சேராதவர்கள் என்பதும் வரலாறே.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், முன்னாளில் வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாமுக்கும் பிறைக்கும் இடையில் இரயில் பாதையோரம் அமைந்த புக்கிட் தெங்காவையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் எடுத்துக்கொண்டால் இச்சிக்கல் தெளிவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புக்கும் பின்னர் ரப்பருக்கும் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டுவந்த இம்மாகாணத்தில், இன்று தொழிற்பேட்டைகள் எழுந்துவிட்ட நிலையில், லயம் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளில் மாட்டியிருந்த படங்களே பழைய தோட்ட வாழ்வின் சான்றாக எஞ்சுகின்றன. அவற்றின் கீழே எழுதப்படும் ஒற்றை வரிக் குறிப்பு பிழையானால், அடுத்த தலைமுறை அப்பிழையையே வரலாறாகப் படிக்கும்.

முதல் மயக்கம் வரிசையால் வருவது. தோட்டத்தில் விடியுமுன் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டத்துக்குப் ‘பெரட்டு’ என்று பெயர். படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்து நாவில் இவ்வாறு உருமாறியது. ஆகவே வரிசை என்பது படைக்கு மட்டும் உரியதன்று. பயிற்சி பெற்றவர்கள் நிமிர்நிலையில் குதிகால்களைச் சேர்த்து, முன்பாதங்களை விரித்து, கைகளை உடலோடு ஒட்டி நிற்பர். பெரட்டில் நிற்பவர்களோ ரப்பர்ப்பால் வாளியைக் காலடியில் வைத்து, ஒரு காலில் பாரம் தாங்கி நிற்பர். கால்களே இங்கு உடையைவிடத் தெளிவாகப் பேசுகின்றன: படைவீராங்கனையின் காலில் கணுக்காலை மூடும் பூட்ஸ் இருக்கும், பால்மரம் வெட்டும் பெண்ணின் கால் பெரும்பாலும் வெறுங்காலாகவே இருக்கும்.

இரண்டாம் மயக்கம் சட்டையால் வருவது. கொசுக்கடிக்கும் பாலின் பிசுக்குக்கும் அஞ்சி, தோட்டப் பெண்கள் புடவையின் மேலோ கைலியின் மேலோ ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையைத் துண்டால் இறுகக் கட்டினர். உறைந்த ரப்பர்ப்பால் துணியில் கருமையான திட்டாகப் படிந்து எந்தச் சலவைக்கும் அசையாது என்பதால், முன்கையிலும் இடுப்புக்கு முன்புறத்திலும் ஒழுங்கற்ற கருந்திட்டுகள் இருந்தால் அச்சட்டை தீம்பாரில், அதாவது ரப்பர்க் காட்டில், உழைத்த சட்டை என்று கொள்ளலாம். ஜான்சிராணிப் படையின் சீருடையோ காக்கிச் சட்டையும், தொடைப்பகுதியில் தளர்ந்து முழங்காலுக்குக் கீழே இறுகும் குதிரையோட்டக் காற்சட்டையும், படகு வடிவத் தொப்பியும் சேர்ந்தது. இடுப்பளவில் வெட்டப்பட்ட படத்தில் காற்சட்டை தெரிவதில்லை என்பதை நினைவில் கொண்டால், அரையுருவப் படங்களுக்குச் சட்டையை மட்டும் நம்பிப் பெயரிடுவது ஏற்கத்தக்கதன்று.

புடவை கட்டியிருப்பதால் ஒரு பெண் படையைச் சேர்ந்தவரல்லர் என்று தள்ளுவதும் தவறே. முகாம் தொடங்குமுன் 1943 ஜூலையில் போஸுக்கு அளிக்கப்பட்ட மரியாதை அணிவகுப்பில் பெண்கள் புடவையில் துப்பாக்கியேந்தி நின்றனர். இந்தியாவில் 1942இல் தொடங்கிய பெண்கள் துணைப்படையிலும், அதன் கடற்படைப் பிரிவிலும் புடவையும் சீருடையாக ஏற்கப்பட்டது. போருக்குப் பின் தாயகத்து உறவினர் அனுப்பிய அத்தகைய படங்களும் மலாயா வீடுகளில் இடம்பெற்றிருக்கக்கூடும். தோற்றத்தைக் கொண்டு வகுப்பைத் தீர்மானிப்பதும் இடறும். ஏனெனில் வசதியான கோலாலம்பூர்க் குடும்பத்து ஜானகி தேவரும், ஆங்கிலக் கல்வி பெற்ற ராசம்மாவும் தோட்டப் பெண்களோடு ஒரே முகாமில் பயின்றவர்கள்.

படத்தின் இடவலம் மாறாதிருக்கிறதா என்பது முன்னதாகவே உறுதிசெய்யப்பட வேண்டிய ஒன்று. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டால் இடது தோளில் விழவேண்டிய முந்தானை வலது தோளில் விழும். சட்டையின் பொத்தான் பட்டியும் மாறும். ஆண்களின் சட்டையில் இடப்பக்கத் துணி மேலாக வரும், பெண்களின் சட்டையில் வலப்பக்கம் மேலாக வரும் என்னும் பொது விதியை இங்கு அப்படியே பயன்படுத்த இயலாது, ஏனெனில் தோட்டப் பெண் அணிந்ததும் பெரும்பாலும் ஆண் சட்டையே. நிறமும் ஏமாற்றும். சிவப்பொளியை உணராத பழைய வகைப் படச்சுருளில் செஞ்சிலுவைக் கைப்பட்டை கருஞ்சிலுவையாகவும், நீலம் வெளிறியும் பதியும். எனவே கைப்பட்டையின் நிறம் தெரியாதபோது, அது ஜப்பானியர் ஆட்சிக்கு முந்தைய மருத்துவத் தொண்டர் அமைப்புக்குரியதா, சாந்த் பீபியின் பெயர் தாங்கிய ஜான்சிராணிப் படைச் செவிலியர் பிரிவுக்குரியதா என்பதைப் படத்தின் ஏனைய பகுதிகளே சொல்ல வேண்டும்.

அவற்றுள் மிகப் பயனுள்ளது படத்தின் பின்புறம். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. அதன்படி 1942 என்பது 2602, 1943 என்பது 2603. பின்னட்டையில் 2603 என்றோ, சுருக்கமாக 03 என்றோ எழுதப்பட்டிருந்தால், விவரமறியாதவர் அதை 1903 எனக் கொண்டு நாற்பதாண்டு தள்ளிவிடுவார். 1941 டிசம்பர் 19இல் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றியது முதல் 1945 செப்டம்பரில் தீவு மீளும் வரை, துணித் தட்டுப்பாட்டால் சாக்கும் உடையாயிற்று. அந்தச் சூழலில் முழுமையான புதுக் காக்கிச் சீருடை என்பதே விதிவிலக்கு, கிழிந்த சட்டையே பொதுவழக்கு.

ஒப்பிட்டு நோக்கினால், பிரிட்டனில் ஆயுதத் தொழிற்சாலைப் பெண்களுக்கு முதல் உலகப்போரின்போதே முக்கோண வடிவப் பித்தளைச் சின்னம் வழங்கப்பட்டது. வயல்களில் உழைத்த பெண்கள் நிலப்படைக்குத் தனிச் சீருடையே இருந்தது. அங்கு அரசு கொடுத்த சின்னம் உழைப்பைப் பதிவு செய்தது. மலாயாவில், 1941 வரை நேச நாடுகளின் போருக்கு வேண்டிய ரப்பரைத் தந்த பெண்ணுக்கு அத்தகைய சின்னம் ஏதுமில்லை. அவள் சட்டையின் பால்கறையே அவளுக்குக் கிட்டிய ஒரே முத்திரை. ஆகவே அச்சட்டையைப் ‘படைச் சீருடை’ என்று தவறாக உயர்த்துவதும், ‘சாதாரண உடை’ என்று ஒதுக்குவதும் ஒரே அநீதியின் இரு முகங்களாகும். ஒரு படத்தின் கீழே ‘பால்மரம் வெட்டும் உடை, ஜப்பானியர் காலம், வெறுங்கால், முன்கையில் பால்கறை’ என்று பார்த்ததை மட்டும் எழுதிவைத்தால், பின்னர் அவள் படையில் சேர்ந்தவள் என்ற சான்று கிடைத்தாலும் அக்குறிப்பு பொய்யாகிவிடாது.