வீட்டுக்கும் மண் வேண்டும், கிணற்றுக்கும் மண் வேண்டும்

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பிய வன்னி மக்களுக்கு முதலில் கிடைத்தவை தகரமும் தறப்பாளும்தான். வீட்டுத்திட்டங்கள் பின்னர்தான் வந்தன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்குக்கும் கிழக்குக்கும் ஒதுக்கப்பட்டன. புதிதாக வீடு கட்டும் குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அந்தப் பணத்தில் வீடு கட்டிய பலரோடு பேசியிருக்கிறேன். சீமெந்தின் விலையையும் மேசனின் கூலியையும் அவர்களால் முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. மண்ணின் விலையைத்தான் கணக்கிட முடியவில்லை. பக்கத்து ஆற்றிலே மண் கிடக்க, அதே மண்ணைப் பெரும் விலை கொடுத்து வாங்கியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

எனவே, வீடு கட்டுவதை நிறுத்திச் சுற்றாடலைக் காப்போம் என்று எழுத எனக்கு மனமில்லை. கூரைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சனத்திடம் அப்படிச் சொல்வது நியாயமும் அல்ல. ஆனால் அந்த மண் எங்கிருந்து வருகிறது, எடுத்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் பார்த்தாக வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கட்டுமான மண் வடமராட்சி கிழக்கின் மணற்பரப்புகளிலிருந்தும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஆற்றுப் படுகைகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது. கனகராயன் ஆறு போன்ற ஆறுகள் மாரியில் ஓடிக் கோடையில் வற்றுபவை. ஓட்டம் நின்ற பின்பும் படுகை மணல் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் கரையோரக் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் ஊறுகிறது. படுகையை ஆழமாக வெட்டினால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்துக்கு இறங்கும். கிணறு வற்றும், கரை இடியும்.

மணற்காட்டுப் பக்கத்து மணற்குன்றுகள் மழைநீரைச் சேமித்து வைப்பதோடு கடலுக்கும் ஊருக்கும் இடையில் அரணாகவும் நிற்கின்றன. 2004 ஆழிப்பேரலையைக் கண்ட கரையோர மக்களுக்கு அந்த அரணின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள், உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாக இருக்கிறது. கோட்பாட்டளவில், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் அதற்கேற்ப மேலேறும். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கிப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 1990இல் யுத்தத்தால் அது மூடப்பட்டது. தொழில் போன பின்பும், சுண்ணக்கல் அகழ்ந்த பெரும் பள்ளங்கள் இன்னும் மூடப்படாமல் கிடக்கின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, மணல் அகழ புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் எங்கள் பகுதிகளில் கண்காணிப்பு என்பது பெரும்பாலும் வீதியில் டிப்பரை மறிப்பதோடு முடிந்துவிடுகிறது. பத்திரத்தில் எத்தனை கியூப் என்று எழுதியிருக்கிறது, வெட்டிய குழியிலிருந்து எத்தனை கியூப் போயிருக்கிறது என்று யார் அளந்து பார்க்கிறார்கள்? ஒரு கியூப் என்பது 100 கன அடி. குழியின் நீளம், அகலம், ஆழம் தெரிந்தால் பள்ளிப் பிள்ளையும் கணக்குப் பார்க்கலாம்.

தேவையைக் குறைக்கவும் வழிகள் உண்டு. கருங்கல் உடைக்கும் இடங்களில் மிஞ்சும் தூளைச் சலித்துச் சீமெந்துக் கல் அரியலாம். இடிந்த வீடுகளின் கற்களை உடைத்து அத்திவாரத்துக்கும் நிலத்துக்கும் நிரப்பலாம். கிரவலோடு சிறிதளவு சீமெந்து சேர்த்து அழுத்திச் செய்யும் மண்கற்களால் சுவர் எழுப்பலாம். கருங்கல்லும் கிரவலும் ஓரிடத்தில் வெட்டி எடுப்பவைதான் என்பதையும் மறக்கக்கூடாது. 2016இல் முன்வைக்கப்பட்ட 65,000 இரும்பு வீடுகள் எங்கள் வெப்பத்துக்குப் பொருந்தாது, செலவும் அதிகம் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. மாற்றுப் பொருள் என்றாலும் எங்கள் மேசன்மாரின் கைக்கும் எங்கள் காலநிலைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

அகழ்வால் வரும் வருமானம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே போகிறது. உடைந்த வீதியும் வற்றிய கிணறும் ஊரில் மிஞ்சுகின்றன. மண்ணுக்குக் காசு கொடுத்த ஏழைக் குடும்பம் சில வருடங்களில் பவுசர் தண்ணீருக்கும் காசு கொடுக்க வேண்டி வருகிறது. இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் அபிவிருத்தியை அளக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் இந்த விபரங்களைக் கேட்கலாம். உங்கள் ஊரில் அகழ்வு நடந்தால் பணியகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். அனுமதி யாருக்கு, எத்தனை கியூப், எவ்வளவு ஆழம், எந்தத் திகதி வரை, குழியை மூடும் பொறுப்பு யாருடையது? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று பதிலை வைத்துக்கொண்டு அளவு நாடாவோடு குழிக்குப் போனால், மீதிக் கணக்கை அங்கேயே பார்த்துவிடலாம்.